இடது கீழ் இறக்கையில் ஓர் ஒட்டு

போன வாரம் பட்டறையில் எனக்கு மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். மூன்று வார்த்தைதான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பேச வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுதுவதும் மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. இறக்கைத் துணிக்குப் பூசுகிற டோப்பின் நெடி நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டதால் நேரமும் இருக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது உங்களில் ஒருவர் வாசலில் மாட்டியிருக்கும் பெரிய போட்டோவைக் காட்டிக் கேட்டார். நம் பட்டறை செய்த முதல் விமானத்தின் போட்டோ அது. "எல்லாம் இவ்ளோ நீட்டா இருக்குது, இங்க மட்டும் ஏன் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்குது?" மிஷினில் தைக்கிற பத்மா என்னைக் கை காட்டி, "அவரையே கேளு" என்றாள். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் நழுவிவிட்டேன்.

அந்த ஒட்டைப் போட்டவன் நான்தான். ஏன் போட்டேன் என்று இப்போது சொல்கிறேன்.

தறியை விட்டு வந்ததற்கு என்னிடம் சோகக் கதை எதுவும் கிடையாது. எங்கள் வீடு நெசவுக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. அண்ணன் தறி இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது. எனக்கு முட்டியில் வலி வந்தது. தறிக் குழியில் காலை விட்டு நாள் முழுக்க மிதிக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் சார் எங்கள் தெருவுக்கு வந்தார்.

சார் என்று நான் சொல்வது இந்தப் பட்டறையைத் தொடங்கியவரை. நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். விமானப் படையில் விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிற நயினார் குடும்பம், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் ஐந்தரைக்கெல்லாம் பட்டறையைப் பூட்டிவிடுவார். இறக்கையைத் துணியால் மூடுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். சிலந்தியோ எறும்போ இருந்தால் காகிதத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுவார். இன்றைக்கு நீங்கள் உள்ளே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தப் படிவம் அப்படி வந்ததுதான். ஏதோ சட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சிலந்திக்காக வந்தது.

"கையால நெருக்கமா தைக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்பா" என்று சார் அண்ணனிடம் கேட்டார்.

"எதுக்கு சார், ஜாக்கெட்டுக்கா?"

"இறக்கைக்கு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேவு பாக்கற விமானம்பா. முதல் உலகப் போர் காலத்துது. மேல ஒரு இறக்கை, கீழ ஒரு இறக்கை. ரெண்டு பேரு உக்காருவாங்க. ஒருத்தரு ஓட்டுவாரு, இன்னொருத்தரு கீழ இன்னா நடக்குதுன்னு பாப்பாரு. வடக்க ஒரு மியூசியத்துல அதே மாதிரி ஒண்ணு செஞ்சி கேக்கறாங்க. சும்மா நிறுத்தி வெக்கறதுக்கு இல்ல. பறக்கணும்."

"வேவு பாக்கறதுக்கு எதுக்கு சார் விமானம்? எங்க எதிர்வூட்ல ஜன்னல்லருந்தே எல்லாத்தையும் பாத்துடறாங்க" என்றார் அண்ணன்.

சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "துணியிலயா சார் இறக்கை?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசியது அது மட்டும்தான்.

"மரச்சட்டம், கம்பி, துணி. அவ்ளோதான்பா. துணிதான் காத்துல நிக்குது."

மறுநாள் காலை வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். அப்போது நம் பட்டறை, மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லில் இருந்தது. மூலையில் இன்னும் தவிட்டு வாசனை இருந்தது. இறக்கையின் சட்டம் நடுவில் நீளமாகக் கிடந்தது. குறுக்கே வளைந்த மரத்துண்டுகள் வரிசையாக இருந்தன. விலா எலும்பு மாதிரி இருந்ததால் விலா என்றே சொன்னோம். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். நெசவு வீட்டுப் பிள்ளைகள் உங்களில் நாலைந்து பேர் இருப்பதால் அதையும் சொல்கிறேன். வாலில் இருக்கும் சுக்கானுக்குத் துணி போர்த்தச் சொன்னார் சார். விமானத்தை இடமும் வலமும் திருப்புவது அதுதான். எங்களுக்குப் பாவு தளர்ந்திருந்தால் பொறுக்காது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள் தொங்கினால் கை தானாகப் போய் இழுக்கும். நானும் இழுத்து இழுத்துத் தைத்தேன். தட்டினால் மத்தளம் மாதிரி கேட்டது.

செவிலிமேட்டிலிருந்து வருகிற பத்மா மிஷினில் துணி மூட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணா, டிரம்மு செஞ்சி வெச்சிக்கினு கீற?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் டோப் பூசினோம். காயக் காய அது துணியைச் சுருக்கி இறுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது பூச்சு காய்ந்ததும் சுக்கானின் பின்விளிம்பு வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து நின்றது.

சார் அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த மாட்டினா விமானம் ஊரையே பிரதட்சணம் பண்ணிக்கினு இருக்கும்பா. இழுக்கறது டோப்போட வேலை. நீ சும்மா சட்ட போடற மாதிரி போத்தி வுடு, போதும்."

துணியை இறுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். நல்ல பழக்கம் என்று நான் நினைத்திருந்தது இந்த வேலையில் கெடுதலாகலாம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

டீ வரும் நேரத்தில் சார் அந்தக் காலத்து விமானங்களைப் பற்றிச் சொல்வார். ஆரம்பத்தில் துணி விறைப்பாக இருக்கக் கஞ்சி போட்டுக்கூடப் பார்த்தார்களாம். அதைக் கேட்டதும் வெளிநாட்டு ஆட்கள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. மழை பட்டால் கஞ்சி கரைந்து துணி தொங்கியது. அதனால் டோப்புக்குப் போனார்கள். முதலில் போன விமானங்களில் துப்பாக்கியே கிடையாது. பென்சில், காகிதம், வரைபடம் மட்டும்தான். பார்க்கிறவர் முன் இருக்கையில் இருப்பார். தலைக்கு மேல் ஒரு இறக்கை, காலுக்குக் கீழே ஒரு இறக்கை, சுற்றிலும் கம்பி. அந்த இடுக்கில் தலையை நீட்டி, எந்தச் சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கேமரா வந்தது.

எழுதுகிறவர் கை ஆடக் கூடாது என்பதற்காக, அசையாமல் நேராகப் போகிற மாதிரி விமானத்தைச் செய்தார்கள். ஓட்டுகிறவர் கையை எடுத்தாலும் அது பாட்டுக்குப் போகுமாம். அதைப் பெரிய சாதனையாக நினைத்தார்கள். அப்புறம் எதிராளி துப்பாக்கி கட்டின விமானத்தில் வந்தான். நேராகவே போய்ப் பழகின இந்த விமானத்தால் சட்டென்று விலகித் தப்பிக்க முடியவில்லை. நிறைய பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு செய்தவற்றில் பார்க்கிறவரைப் பின் இருக்கைக்கு மாற்றி, அவர் கையில் ஒரு துப்பாக்கியும் கொடுத்தார்கள்.

"பாக்கறது பாதி வேலைதான்பா. எறங்கி வந்து சொன்னாதான் முழு வேலை" என்று சார் ஒரு நாள் சொன்னார்.

"ஒரு எடத்த சரியா பாக்காம வுட்டுட்டா?" என்று பத்மா கேட்டாள்.

"அத்தயும் சொல்லணும்மா. அங்க மேகமா இருந்துச்சு, எனக்குத் தெரியலன்னு சொல்லணும். சொல்லாம வுட்டா, கீழ இருக்கறவன் அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிக்கினு ஆளுங்கள அனுப்பிடுவான்."

நான் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ராணுவ ஆபீசர்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இடது கீழ் இறக்கைக்குத் துணி போர்த்தி, விலா விலாவாகத் தைத்து முடித்திருந்தோம். டோப் இன்னும் பூசவில்லை. சார் சென்னைக்குப் போயிருந்தார். பத்மா சாப்பிடப் போயிருந்தாள். ஓரத்தில் மிஞ்சியிருந்த துணியைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி வழுக்கி மேல் துணியில் இறங்கிவிட்டது. விரல் நீளத்துக்கு வெட்டு.

கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. மிஞ்சின துணியிலிருந்து இழை உருவினேன். மெல்லிய ஊசியில் கோத்து, வெட்டுப்பட்ட ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் ஒரு புது இழையை விட்டேன். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று நெசவு எப்படிப் போகிறதோ அப்படியே போனேன். பத்மா சாப்பிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து தைப்பது புதிதில்லை என்பதால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு உள்ளங்கையால் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் இழை அறுவது தினமும் நடப்பது. சேர்த்துவிட்டு மேலே போவோம். புடவையை வாங்குகிறவர் வந்து வெளிச்சத்தில் பிடிப்பார், உள்ளங்கையால் தடவுவார். கை எங்காவது நின்றால் அது பழுது. நிற்காமல் போய்விட்டால் அங்கே எதுவும் நடக்கவே இல்லை. "இந்த இடத்துல ஒரு இழை அறுந்துச்சுங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள். அதனால், அன்றைக்கு நான் மறைத்தேன் என்று சொன்னால்கூட அது சரியில்லை. சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "இன்னிக்கி ஒரு வேல செஞ்சேன். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

"அப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

அதற்கப்புறம் டோப் பூசினோம். பூச்சு மேல் பூச்சாக. அந்தக் காலத்து விமானத்துக்கு வர்ணம் கிடையாது. துணி வெளுத்த தேன் நிறத்தில் விறைத்து நின்றது. வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் விலாக்கள் நிழலாகத் தெரியும். நான் அந்த வெட்டை மறந்தே போனேன்.

விமானத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி, வேறு மாவட்டத்தில் இருந்த ஒரு பழைய ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் மாட்டினோம். முதல் தடவை பறக்கிற அன்று ஷாமியானா போட்டிருந்தார்கள். மியூசியத்துப் பெரிய அதிகாரி தன் ஆட்களோடும் விருந்தாளிகளோடும் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. அவ்வளவு பேரைப் பார்த்ததும் நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஓட்ட வந்தவர் ஒரு அம்மா. விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சென்னைக்காரர். பத்மா அவரைக் கேப்டன்மா என்று கூப்பிட்டாள். வந்ததும் அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. பழுது நோட்டைக் கேட்டார். எந்த இடத்தில் எது உடைந்தது, எது கிழிந்தது, யார் எப்படிச் சரி செய்தார் என்று சார் தன் கையாலேயே எழுதி வைத்திருந்த நீளமான நோட்டு. கேப்டன்மா அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தார்.

"சார், இதுல இல்லாதது ஏதாவது இருக்குதா?"

சார் எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தார். பத்மா தலையாட்டினாள், இல்லை என்று. நானும் ஆட்டினேன். "இல்லமா" என்றார் சார்.

அப்புறம் அவர் விமானத்தைச் சுற்றி வந்தார். நான் ஒதுங்கி நின்ற இடத்துக்கு வந்ததும், "நீங்கதான் தைச்சீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"ஹெல்மெட், பெல்ட்டு எல்லாம் போட்டுக்கினு ஏறுவேன். ஆனா நான் நம்பறது அந்த நோட்டதாங்க" என்று சொல்லிவிட்டு இடது கீழ் இறக்கைக்குப் போனார். உள்ளங்கையை விரித்து, மேல் துணியைத் தடவிக்கொண்டே நடந்தார். புடவை பார்க்கிறவர்கள் தடவுகிற அதே மாதிரி.

அந்தக் கை எந்த இடத்திலும் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

சின்ன வயதிலிருந்து, தடவுகிற கை நிற்காமல் போகிறதா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். நிற்காமல் போனால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அன்றைக்கு முதல் தடவையாக, அந்தக் கை எங்காவது நிற்காதா என்று பார்த்தேன். நான் மறந்துபோயிருந்த அந்த வெட்டு, அவர் நம்புகிற நோட்டில் இல்லை.

கேப்டன்மா பின் இருக்கையில் ஏறினார். முன் இருக்கையில் பார்க்கிறவருக்குப் பதிலாக மணல் மூட்டை கட்டியிருந்தோம். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றிவிட்டார்கள். என்ஜின் பிடித்துக்கொண்டது. காற்றில் துணியெல்லாம் நடுங்கியது. நான் அந்த இடத்தையே பார்த்தேன். எந்த இடம்? ஓரத்திலிருந்து இரண்டாவது விலாவுக்கும் மூன்றாவது விலாவுக்கும் நடுவிலா, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவிலா? எனக்கே தெரியவில்லை.

சார் என்ஜின் பக்கத்தில் காது கொடுத்து நின்றிருந்தார். கூப்பிட்டால் கேட்காது. கூப்பிடவும் எனக்கு வராது. கட்டையை எடுக்க ஆள் குனிந்தான்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் என்ஜினை நிறுத்து என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் காட்டலாம், காரணம் அப்புறம் சொன்னால் போதும் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். கேப்டன்மா கண்ணில் படுகிற மாதிரி இடது இறக்கை நுனிக்கு எதிரில் போய் நின்று கையைத் தூக்கினேன்.

என்ஜின் நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாச்சுபா?" என்று சார் ஓடி வந்தார்.

தூக்கின கையை நான் இன்னும் இறக்கவில்லை.

"அண்ணா, சொல்லேன்! நீ சொல்றதுக்குள்ள பஸ்ஸு செவிலிமேட்டுக்குப் போயிட்டு திரும்பி வந்துடும் போல கீதே!" என்று பத்மா கத்தினாள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எப்படியோ வாய் வந்துவிட்டது.

"ஒரு எடத்துல வெட்டிட்டேன் சார்."

"எங்க?"

"இந்த இறக்கையில. மேல் துணி."

"நோட்ல இல்லயே."

"இழை கோத்து சேத்துட்டேன் சார். தெரியாது."

"தெரியாதுன்னா?"

"யாருக்கும் தெரியாது சார். இப்ப எனக்கும் தெரியல."

சார் விரலால் தடவிப் பார்த்தார். கேப்டன்மா இறங்கி வந்து பார்த்தார். நானும் தடவினேன். எந்த விரலும் நிற்கவில்லை. மியூசியத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் நல்லா இருக்குதே சார். அவ்ளோ நல்லா செஞ்சிருக்காரு. இதுக்குப் போய் நிறுத்தணுமா?"

"நல்லா இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்?" என்றார் கேப்டன்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தறி வீட்டுப் பழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. தடவித் தெரியாதது வெளிச்சத்தில் தெரியும். காலை வெயில் இறக்கை மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நான் தரையில் மல்லாந்து படுத்து இறக்கைக்கு அடியில் நகர்ந்து போனேன். வெள்ளை வேட்டி, செம்மண் தரை. கூட்டம் என்ன நினைத்ததோ தெரியாது. கீழே போனதும் கூட்டம் எனக்குத் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

மேலே தேன் நிறத்தில் வெளிச்சம். விலாக்கள் கறுப்புக் கோடாக நின்றன. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். முதல் கட்டம் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில், பழைய இழையும் புது இழையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின இடம் கொஞ்சம் அடர்த்தியாக, ஒரு மெல்லிய நிழலாக இருந்தது. விரல் நீளம்.

"சார், விரல வெய்யுங்க" என்றேன்.

மேலே அவர் விரலின் நிழல் வந்தது.

"இன்னும் உங்க வலப்பக்கம்... வாங்க, வாங்க... தாண்டிட்டீங்க. திரும்பி வாங்க. முன்னால. ஒரு நூல் அளவு முன்னால. நில்லுங்க! அங்கதான்!"

பத்மா பிறகு சொன்னாள், அன்றைக்கு என் குரல் ஷாமியானா வரைக்கும் கேட்டதாம்.

நிழலின் ஒரு முனையில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. வெளிச்சம் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. டோப் இறுக்கின இறுக்கில் இரண்டு இழை நழுவியிருக்கிறது. அதையும் சொன்னேன். சார் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, கட்டை விரலால் அழுத்தினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வெள்ளைப் புள்ளி ஒரு கோடாக ஆனது.

கீழே படுத்துக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தேன். மேலே காற்றில் போகும்போது அது எவ்வளவு நீளம் ஆகியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு விமானம் பறக்கவில்லை. விருந்தாளிகள் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலிகளை அடுக்கி முடித்ததும் சார் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அத்த சேக்க எவ்ளோ நேரம் புடிச்சுது?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் சார்."

"நல்ல வேலைபா." சிவப்புப் பென்சிலைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டே, "இனிமே செய்யாத" என்றார்.

அந்த இடத்தை வெட்டித் திறந்து, தடித்த நூலால் பெரிய பெரிய தையலாகத் தைத்தேன். மேலே ஒட்டுத் துணி வைத்தேன். பழக்கத்தில் ஓரத்துப் பிசிறை உள்ளே மடித்தேன். சார் அதைப் பிரித்துவிட்டார். "பிசிறு வெளிய இருந்தாத்தான் நல்லா புடிக்கும். கண்ணுக்கும் தெரியும். தெரியணும்பா" என்றார். துணி புதிது என்பதால் வெள்ளையாக, துருத்திக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான வேலையை நான் செய்ததில்லை. சுற்றி சிவப்பு வட்டம் வேறு. பத்மா, "பொட்டு வெச்சிட்டீங்களா?" என்றாள். இன்றைக்கும் நம் பட்டறையில் பழுது பார்த்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதைப் பொட்டு வைப்பது என்று சொல்கிறோம் இல்லையா, அன்றைக்கு ஆரம்பித்தது.

அதுவரை நோட்டில் சார்தான் எழுதுவார். அன்றைக்குப் பேனாவை என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத்து சரியா வராது சார்" என்றேன். அவர் நீட்டின கையை மடக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். இடது கீழ் இறக்கை. மேல் துணி. கத்தி வழுக்கி நான் வெட்டினேன். இழை கோத்து மூடினேன். சொல்லவில்லை. இப்போது பிரித்து ஒட்டு போட்டிருக்கிறது. கீழே என் பெயர்.

பூச்செல்லாம் காய்ந்து, மூன்றாம் நாள் காலையில் கேப்டன்மா மறுபடி வந்தார். ஷாமியானா இல்லை. பட்டறை ஆட்கள் ஐந்து பேரும், ஓடுதளத்து ஓரத்தில் மேய்ந்த சில ஆடுகளும்தான். ஆடுகளை விரட்டிவிட்டு வந்தோம். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல இல்லாதது ஏதாவது இருக்குதா?"

"இல்லம்மா" என்றேன். தலையை ஆட்டவில்லை. வாயால் சொன்னேன்.

விமானம் ஓடியது. வால் தூக்கியது. கொஞ்சம் தத்தியது. பிறகு சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பத்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏதோ கத்தினாள். சார் சும்மா நின்றார். அது எங்கள் தலைக்கு மேல் சுற்றி வந்தபோது கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன். வெயிலில் விலாக்கள் எல்லாம் தெரிந்தன. மூன்றாவது கட்டத்தில் ஒட்டு ஒரு கறுத்த சதுரமாக இருந்தது. சதுரம் சதுரமாகவே இருந்தது. மற்றவர்கள் விமானத்தைப் பார்த்தார்கள். விமானம் இறங்கும்வரை நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

கேப்டன்மா இறங்கி வந்ததும் பத்மா கேட்டாள். "மேல போயி இன்னா பாத்தீங்க கேப்டன்மா?"

"அவரோட ஒட்டதான்" என்று சிரித்தார். "ஒவ்வொரு தடவ திரும்பறப்பவும் அதத்தான் பாத்தேன். பாக்கறதுக்கு ஒண்ணு இருந்துச்சே."

அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது இதுதான்.

அந்தப் பழைய நோட்டு இப்போதும் பட்டறையில், டோப் டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம். கடைசியில் என் பக்கம் இருக்கும். இறக்கை என்று எழுதும் இடத்தில் "இரக்கை" என்று எழுதியிருப்பேன். சாரும் படித்தார், கேப்டன்மாவும் படித்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து என் மகள் பட்டறைக்கு வந்தபோது பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சாரிடம் போய், "அத்த மட்டும் அடிச்சிட்டு திருத்திடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம்பா, இருக்கட்டும்" என்றார். "அடிச்சி எழுதினா, அடியில இன்னா இருந்துச்சோன்னு தேடுவாங்க."